கண்மூடிக் கேட்கும் டீச்சர்

குழந்தை புத்தகத்தைப் பிரித்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொள்வாள். செருப்பைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டால் பார்ப்பவர்களுக்குப் பாதித் தூக்கம்தான். கீழே தையல்கடை மெஷின் தூறல்போல ஓடிக்கொண்டிருக்கும். சன்னல் திரை மெல்ல உப்பி அடங்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் வந்துபோகும் அந்த மாடியறையில் அவள் பெயரே 'தூங்குமூஞ்சி டீச்சர்'.

"நாம மொறச்சுப் பாத்தா பிள்ளைக்கு வர்ற எழுத்தும் வராதும்மா" என்பாள். வீட்டிலும் செய்தித்தாளைக் கணவர் படிக்க, இவள் கண்மூடித்தான் கேட்பாள். "நான் சொந்தமா ஏதாவது பேசினா நிஜமாவே தூங்கிடுவா" என்பது அவர் புகார்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா அழைத்துவந்தாள். "வீட்டுல பாடமெல்லாம் இவளுக்குத் தண்ணி பட்ட பாடு டீச்சர். ஸ்கூல்லதான் வாயே திறக்கறதில்ல. இப்படியே போனா அடுத்த வருஷம் தங்கச்சியோட ஒரே வகுப்புல உக்கார வச்சிடுவாங்களாம்."

சிறுமி ஒரு கதையை மடமடவென்று ஒப்பித்து முடித்தாள்.

"அழகா இருக்கு கண்ணு" என்றாள் டீச்சர், கண்ணைத் திறக்காமலே. "பக்கம் புரட்டுற சத்தம்தான் கேக்கவே இல்ல."

புத்தகம் முதல் பக்கத்திலேயே கிடந்தது. அம்மா தினமும் படித்துக் காட்டியது அத்தனையும் மனப்பாடம்.

"இவ்வளவு நாளா ஏமாத்தினியாடி?"

"ஏமாத்தலம்மா. எழுத்து பிடிபடல, சமாளிச்சிருக்கா. கெட்டிக்காரி. இப்பவே தெரிஞ்சது நல்லதாப்போச்சு" என்றாள் டீச்சர்.

அன்று முதல் அவசரமில்லாத மாலைகள். மணல் தட்டில் விரலால் எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லையும் கைதட்டி உடைத்து, மறுபடி கைதட்டி ஒட்டினார்கள். சில நாள் ஒரு வரிகூட நகராது. அப்போதெல்லாம் இருவரும் திரை அசைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அதுவும் பாடம்தான் என்று டீச்சர் சாதிப்பாள்.

பள்ளியில் வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் நாளுக்கு முந்தைய மாலை, சிறுமி இதுவரை பார்த்தேயிராத ஒரு கதைப் புத்தகத்தை டீச்சர் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா பக்கத்து நாற்காலியின் நுனியில் இருந்தாள். சிறுமி ஆமைபோல் ஊர்ந்தாள். முதல் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு சொல்லில் நின்றேவிட்டாள். கீழே மெஷினும் ஓய்ந்திருந்தது. எடுத்துக் கொடுக்க அம்மாவின் உதடு பிரிந்தது. டீச்சர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சிறுமி மெதுவாகக் கைதட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிறகு அந்தச் சொல், பாதி மூச்சாக, வந்தது.

காகிதம் சரசரத்தது. மூடிய கண்ணோடு டீச்சர் அந்த மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினாள்.