மூன்றில் நின்ற மீற்றர்

பொலிஸ் நிலையத்தைக் கண்டால் கிளரன்ஸ் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். வீதியில் அல்ல, கணினியில்.

இருபது வருடப் பழைய கேம் அது. ஏதோ ஒரு அமெரிக்க நகரம். கதாநாயகன் ஒரு களவாளி. காரைப் பறிக்கலாம், ஆட்களை அடிக்கலாம், சுடலாம். அதற்காகத்தான் உலகம் முழுக்கப் பொடியள் அதை விழுந்து விழுந்து விளையாடினார்கள். மகன் றயன் கனடாவுக்குப் போனபோது அரியாலை வீட்டில் விட்டுப்போன மடிக்கணினியில் அது கிடந்தது. முப்பத்தொரு வருடம் வீடுவீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்து ஓய்வுபெற்றிருந்த கிளரன்ஸ், கணினியைத் தூசு தட்டப் போய் அதைத் திறந்தார். அந்த முப்பத்தொரு வருடத்தில் சில வருடங்கள் யுத்தத்தால் யாழ். குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. அப்போது என்ன வாசித்தீர்கள் என்று எவராவது கேட்டால், பைபிள் என்பார்.

வீதிக்கு வீதி ஆமிச் சென்றி, காவலரண், இருந்த காலத்தில் இறங்கி உருட்டிப் பழகிய கால். கேமில் சைக்கிளை உருட்ட வழியில்லை. இறங்கினால் அது அந்த இடத்திலேயே கிடக்கும். கிளரன்ஸ் அதை விட்டுவிட்டு, பொலிஸ் நிலையத்தை நடந்து கடப்பார். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் சைக்கிளைக் காணாது. ஒவ்வொரு நாளும் காணாது. மகள் நிஷானிதான் ஒருநாள் காரணம் சொன்னாள். யாழ்ப்பாணம் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை பிடிப்பது அவளுடைய வேலை. அந்தக் காலத்துக் கணினிகளுக்கு நினைவகம் குறைவு, கண்ணுக்கு மறைந்ததைக் கேம் அழித்துவிடும் என்றாள்.

"அப்ப ஒருத்தரும் களவெடுக்கேல்லை" என்றார் கிளரன்ஸ். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வேறு பிழைகளும் இருந்தன. வீதியில் போகிறவர்கள் ஹோர்ன் அடித்தால் விலகுவதற்குப் பதிலாக வாகனத்துக்குக் குறுக்கே பாய்வார்கள். பொலிஸ் கார் தானே வந்து இடித்துவிட்டு, இடிபட்டவனைத் துரத்தும். இதைப் பிழை என்று நிஷானி சொன்னபோது கிளரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உந்த ஒண்டை மட்டும் சரியாகச் செய்திருக்கிறாங்கள் என்றார். அவருக்கு இருந்த ஒரே முறைப்பாடு வீடுகளைப் பற்றியது. ஆயிரம் வீடு இருந்தும் ஒரு கதவு திறக்காது. எல்லாம் சுவரில் தீட்டிய கதவு. ஆரம்பத்தில் சில நாட்கள் வளவு வளவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உவங்கள் மீற்றரை எங்கை வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

மனைவி நேசமலருக்கு அது கள்ளன் விளையாட்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலால் வந்து உடுப்பு மாற்றாமல் கணினிக்கு முன்னால் குந்துகிறவரைப் பார்த்து, சபை ஐயர் கேட்டால் நான் என்ன சொல்ல, மனுசன் கள்ளரோடை சேர்ந்திட்டார் எண்டோ என்பாள். கிளரன்ஸ் சிரிப்பார். அவர் அந்தக் கேமில் ஒரு களவும் செய்யவில்லை. கதாநாயகன் வீட்டு வாசலில் ஒவ்வொரு காலையும் ஒரு சைக்கிள் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு போவார். கடற்கரையைப் பார்ப்பார். மழை பெய்தால் ஒதுங்குவார். அடையாள அட்டை கேட்க ஒருவருமில்லாத ஊர் என்பார். கேமில் பொழுதுபட முன்னர் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆட்டத்தை ஒருமுறை சேமித்தால் கேமின் மணிக்கூடு ஆறு மணித்தியாலம் முன்னுக்கு ஓடும். மாலையில் இரண்டு தரம் சேமிப்பார், விடிந்துவிடும்.

சேமிக்க முன்னர் புள்ளிவிபரப் பக்கத்தைத் திறந்து ஒரு கொப்பியில் எழுதுவார். கழிந்த நாட்கள், ஓடிய சைக்கிள் தூரம், கொல்லப்பட்ட ஆட்கள். முந்தின வாசிப்பு, இன்றைய வாசிப்பு, வித்தியாசம். தொழில் விட்டாலும் கை விடவில்லை. கொல்லப்பட்ட ஆட்கள் என்ற நிரலில் எட்டு வருடமாக ஒரே இலக்கம் நின்றது: மூன்று. மூன்றும், கதாநாயகன் வீட்டு வாசலில் நின்ற காரை ஓடிப் பார்த்த முதல் கிழமையில் தாமாக வந்து விழுந்தவை. அதோடு காரை விட்டுவிட்டார். மூன்று பேரும் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்று அவரால் சொல்ல முடியும்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நகரத்தின் மறுபாதி. நடுவில் நீளமான பாலம். குறுக்கே தடை. கதாநாயகன் முப்பதுக்கு மேல் வேலைகளை முடித்தால்தான் தடை எடுபடும். எல்லாமே சுடுகிற, எரிக்கிற வேலைகள். தடைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கால் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"பிள்ளை, ஆரையும் சுடாமல் உந்தப் பாலத்தைத் திறக்க ஏலாதோ?"

"ஏலாது அப்பா. உது அப்பிடித்தான் செய்த கேம்."

கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அடுத்த வருடமும் கேட்டார். அதே பதில்.

பிறகு அவருடைய இதயம் களைத்துப்போனது. கால் வீங்கியது. கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. டொக்டர் நிஷானியைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும் என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது கிளரன்ஸ் கேமில் பாலத்தடியில் நின்றார். இந்தத் தடவை அவர் எதையும் கேட்கவில்லை.

நிஷானி அவருடைய சேமிப்புக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். கோப்பைத் திறந்து அரை மணித்தியாலம் பார்த்தாள். வெறும் இலக்கங்கள். தடையை எடுக்க இரண்டு இடத்தை மாற்றினாள், கேம் திறக்காமல் விழுந்துவிட்டது. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று நினைத்தாள். கதாநாயகனின் அந்தச் சுடுகிற வேலைகளைத் தானே விளையாடி முடிப்பது லேசு.

பதினொரு மதிய இடைவேளை பிடித்தது. குறி ஒரு ஆளில் வைத்தால் இன்னொரு ஆளில் ஒட்டும். தோற்றால் நகரத்தின் மறுமுனையிலிருந்து திரும்ப ஓட வேண்டும். சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடக்க அவள் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக் கோபிசங்கர் எட்டிப் பார்த்தான்.

"கோயிலிலை பாட்டுப் படிக்கிற அக்காவே இது? பாவம், இப்ப சுட்டு விழுத்தின உந்தக் கிழவன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"பேசாமல் சாப்பிடு" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, வேலைக்கு வெளிக்கிட முன்னர், புதுக் கோப்பை வீட்டுக் கணினியில் போட்டாள். பழையதை வேறு பெயரில் ஒரு பக்கம் வைத்தாள். பாலம் திறந்திட்டுது அப்பா என்றாள். எப்படி என்று கிளரன்ஸ் கேட்டார். கோப்புக்குள் ஒரு இலக்கத்தை மாற்றினேன் என்றாள்.

அன்று அவள் வேலைக்குப் பிந்தித்தான் போனாள். கிளரன்ஸ் பாலத்தில் சைக்கிளை மெதுவாக விட்டார். நடுப்பாலத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தார். அங்கால் இறங்கியதும், "மலர், இஞ்சை வந்து பார்" என்று கூப்பிட்டார். நேசமலர் கையில் அகப்பையோடு வந்து நின்று, இதுக்கோ இவ்வளவு பாடு என்றாள். போகவுமில்லை.

பின்னேரம் நிஷானி வீட்டுக்குள் வரும்போது கொப்பி மேசையில் விரிந்திருந்தது. கணினி மூடியிருந்தது.

வேலைக் காலத்தில் கிளரன்ஸ் மீற்றரில் கைவைத்துக் கள்ள மின்சாரம் எடுத்த வீடுகளைக் கண்டுபிடித்தால் உடனே கந்தோருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார். வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அடுத்த மாதம் மீற்றர் நேராக ஓடும். அந்தக் கதை தெற்கு அரியாலை முழுக்கத் தெரியும். நிஷானியும் கேட்டு வளர்ந்தவள்தான்.

"மீற்றர் பாஞ்சிருக்கு, பிள்ளை" என்றார்.

அவள் பையை வைத்துவிட்டுக் கொப்பியைப் பார்த்தாள்.

"மூண்டு நிண்டது. இப்ப இருநூற்றிப் பதினாலு."

"அப்பா, அது ஆக்கள் இல்லை. வெறும் கணினிக் கோட்."

"தெரியும். நீ ஆருக்காகச் செய்தனி?"

"உங்களுக்காகத்தான்."

"அப்ப என்ரை பேரிலைதானே விழும்."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். இலக்கத்தை மாற்றினேன் என்று அவள் சொன்ன பொய்யை அவர் தொடவேயில்லை. பழையது கிடக்கோ என்று மட்டும் கேட்டார். கிடக்கு என்றாள். போட்டுவிடச் சொன்னார். போட்டாள். பாலம் மூடிக்கொண்டது. கொப்பியில் அன்றைய வரியை அவர் வெட்டவில்லை. பக்கத்தில் "பிழையான வாசிப்பு" என்று எழுதி, அடுத்த வரியில் மூன்று என்று போட்டார்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை இருந்தார். கடைசிக் கிழமைகளில் சைக்கிள் விடவும் கை இடம் கொடுக்கவில்லை. கதாநாயகனைக் கடற்கரையில் நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேத்தண்ணி ஆற முன்னர் போய்விட்டார்.

அடக்கம், நன்றியறிதல் ஆராதனை, வந்தவர்கள், போனவர்கள். றயன் வந்து இரண்டு கிழமை நின்றுவிட்டுத் திரும்பினான். ஆட்கள் ஓய்ந்தபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிஷானி பழைய கோப்பைத் திறந்தாள். இந்தத் தடவை முறையாகச் செய்தாள். பாலம் மூடியிருந்த கோப்பையும், பென்டிரைவில் இன்னும் கிடந்த, பாலம் திறந்திருந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தாள். வேலையிடத்தில் நாளாந்தம் செய்கிற வேலைதான். கடைசியில் ஒரு இடம் மிஞ்சியது. அங்கே பூச்சியம் இருந்தது. ஒன்று என்று மாற்றினாள். கோப்பின் முடிவில் வருகிற, முதல் தடவை அவள் கவனிக்காத, சரிபார்ப்பு இலக்கத்தையும் திருத்தினாள். கேம் விழவில்லை. பாலத்தில் தடை இல்லை. புள்ளிவிபரப் பக்கத்தில் மூன்று என்றே இருந்தது.

நேசமலர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறந்திட்டுதோ?"

"ஓம் அம்மா."

"ஆரையும் சுடாமலோ?"

"சுடாமல்தான்."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

நிஷானி மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும்.

"அப்ப ஏன் பிள்ளை, அந்த மனுசன் கேக்கேக்கை ஏலாது எண்டு சொன்னனி?"

நேசமலர் குற்றம் சாட்டவில்லை. தெரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான்.

"தேடிப் பார்க்கேல்லை அம்மா" என்றாள் நிஷானி.