ஆர்லிஸ் வரைந்த பலிகடாக்கள்

ஆர்லிஸ் ப்ரெக்கியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "ரொம்ப அமைதியான பெண்மணி" என்று ஆரம்பிப்பார்கள். அமைதியாம், அமைதி! இருபத்தெட்டு வருஷம் பக்கத்து மேஜையில் நின்று துணி வெட்டியவள் நான். அவளை மாதிரி ஒரு கள்ளியை டுலூத் ஊர் பார்த்திருக்காது. குரல் மட்டும்தான் தாழ்வு. காரியமெல்லாம் அவள் நினைத்தபடிதான் நடக்கும், எதிரில் இருப்பவர் தான் நினைத்தபடி நடந்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஊருக்கு வடக்கே பால் பண்ணைக்காரர் வீட்டில் ஐந்தாவது பெண். பதினெட்டு வயதில் டவுனில் பெரிய ஜவுளிக்கடைக்கு வந்து, கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தாள். 1963-இல் பழைய தீயணைப்பு நிலையத்தில் எங்கள் நாடகக் கம்பெனி ஆரம்பித்தபோது, கடையில் நாலு கோட்டு இரவல் கேட்டுப் போனவன் கோட்டோடு அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "பொம்மைக்கு மாட்டி மாட்டி அலுத்துப்போச்சு. அது உட்காராது, குனியாது, எங்க பிடிக்குதுன்னு சொல்லவும் சொல்லாது" என்றாள். முதல் நாடகத்தில் ராஜாவின் அங்கியை ஓட்டல் திரைச்சீலையில் தைத்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓட்டல் மேனேஜர் இடைவேளையில் அவளிடம் வந்து, "எங்க மூணாம் மாடித் திரை மாதிரியே இருக்கே?" என்றார். "அதேதான் சார். ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன், இஸ்திரி போட்டு" என்றாள் இவள். மனுஷர் அதற்குப் பிறகு ஒரு நாடகம் விட்டதில்லை.

குளிர்காலம் பூராவும் இங்கே ஆறு ஏழு நாடகம். கோடையில் ஒமஹா, லூயிவில், மில்வாக்கி என்று ஏதாவது ஊர் நாடகக் கம்பெனி கூப்பிடும். பழைய காரின் பின்சீட்டில் தொப்பிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பெரிய பெயர் இல்லை, பெரிய பரிசு இல்லை. ஆனால் இந்த ஊர்களிலெல்லாம் எந்த நடிகரிடமும் அவள் பேரைச் சொன்னால் முதலில் தோளைத் தளர்த்துவார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அவ்வளவு நிம்மதி அவள் ட்ரையல் அறையில்.

அதற்குக் காரணம் உண்டு. நடிகர்கள் அளவு அட்டையில் எழுதி அனுப்பும் இடுப்பளவை நம்பித் துணி வெட்டினால் பட்டினிதான் கிடக்க வேண்டும். ஒருத்தர்கூட உண்மை எழுத மாட்டார். நானாக இருந்தால் "ஏம்ப்பா, இது உன் இடுப்பா, உன் தம்பி இடுப்பா?" என்று கேட்டுவிடுவேன், கேட்டும் இருக்கிறேன். ஆர்லிஸ் கேட்க மாட்டாள். இஞ்ச் டேப்பைச் சுற்றுவாள், பென்சிலால் குறித்துக்கொள்வாள், சரியான அளவில் தைத்துக் கொடுத்துவிட்டு, "உங்க அளவு அப்படியே இருக்கே!" என்பாள். ட்ரையல் அறையில் பார்த்தது, கேட்டது, அளந்தது எதுவும் கதவைத் தாண்டாது. யாருக்குக் குடி அதிகமாயிற்று, யார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், யார் முதுகில் என்ன தழும்பு, எல்லாம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள். என்னிடம்கூட!

அவளுடைய இன்னொரு வித்தையை நானும் அவளும் மட்டும் 'பலிகடா' என்று சொல்லிக்கொள்வோம். எங்கள் டைரக்டர் டெஸ்மண்ட் ப்ராட் சிகாகோவிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதைக் காட்டினாலும் ஒன்றை மாற்றாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் ஆர்லிஸ் ஒவ்வொரு நாடகத்துக்கும் வரையும் படங்களில் வேண்டுமென்றே ஒரு கண்றாவியைச் சேர்த்துவிடுவாள். ஒரு தடவை நாயகியின் தொப்பியில் முழுசாக ஒரு கிளி. ஒரு தடவை பாதிரியாருக்கு மஞ்சள் பூட்ஸ். டெஸ்மண்ட் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தாடையைத் தடவுவார். "ஆர்லிஸ், எல்லாம் பிரமாதம். ஆனா இந்தக் கிளி... வேண்டாமே." இவள் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்குத் தோணினா சரிதான்" என்பாள். கிளி போய்விடும். மற்றதெல்லாம் அவள் வரைந்தபடியே மேடை ஏறும். பத்தொன்பது வருஷம் இது ஓடியது என்றால் நம்புவீர்களா? நான் வெட்டுகிற மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

இனி நான் சொல்லப்போவது 1982-ஆம் வருஷச் சங்கதி. நதீனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நதீன் சோப்சாக் எங்கள் ஊர் நடிகை. அந்த சீசனில் ஒரு மர வியாபாரியின் மனைவியாக முக்கிய வேஷம் அவளுக்கு. நவம்பரில் அளவெடுக்க வந்தாள். ஆர்லிஸ் டேப்பைச் சுற்றினாள், பழைய அட்டையைப் பார்த்தாள், மறுபடி சுற்றினாள். நதீன் தானே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு மாசம் ஆர்லிஸ். ரெண்டாவது குழந்தை. என் புருஷன் வால்ட்டுக்குத் துறைமுகத்துல வேலை போயிடுச்சு. இந்த ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் ஓடி முடிஞ்சாத்தான் எனக்குப் பிரசவத்துக்குக் காப்பீடு. டெஸ்மண்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். போன வருஷம் அந்தப் பொண்ணை 'குரல் சரியில்ல'ன்னு அனுப்பலையா?"

உண்மைதான். அந்தப் பெண்ணின் குரலில் ஒரு குறையும் இல்லை, வயிறுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. அப்படி அனுப்பக் கூடாது என்று சட்டம் இருந்தது, இல்லாமலில்லை. அதனால்தான் குரல் சரியில்லாமல் போயிற்று.

"மூக்கைத் துடை. இடுப்பு போன வருஷ அளவேதான். பெர்னி, எழுதிக்கோ" என்றாள் ஆர்லிஸ். நான் எழுதிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

ஆனால் நாடகம் நடக்கும் காலம் 1895. அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை வரிந்து கட்டி எறும்பு மாதிரி நிற்பார்கள். ஜனவரி நடுவில் அரங்கேற்றம், மார்ச் முதல் வாரம் வரை ஆட்டம். நாலு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை வயிற்றை எங்கே ஒளிப்பது? நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆர்லிஸ் ஒரு வாரம் வரைந்தாள். 1895-ஐ இருக்கிறபடி, ஒரு நூல்கூடக் கூட்டாமல் வரைந்தாள். அந்த வருஷத்துச் சட்டைக் கைகள் ஒவ்வொன்றும் தலையணை அளவு இருக்கும். டெஸ்மண்ட் பார்த்துவிட்டு, "என்ன இது, பொம்பளைங்க எல்லாம் பறந்துடுவாங்க போல இருக்கே!" என்றார்.

"காலம் அப்படி" என்று ஆர்லிஸ் படங்களை அடுக்கினாள். அடுக்கும்போது அடியிலிருந்து ஒன்று நழுவியது. 1911-ஆம் வருஷத்து உடை. மார்புக்குக் கீழேயே இடுப்பு முடிந்து, அங்கிருந்து துணி நேராக விழும். அதன்மேல் இன்னொரு மெல்லிய துணி.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல, வேற நாடகத்துக்கு."

"இல்ல இல்ல, இருங்க. ஏன் நாம 1911-ல வைக்கக் கூடாது? மர வியாபாரம் அப்பவும் இருந்துச்சே!"

"அடடா, அது எனக்குத் தோணலையே" என்றாள் என் தோழி. செட் போடுகிறவர் அறுபது மண்ணெண்ணெய் விளக்கு தேடி வைத்திருந்தார். 1911-இல் பணக்காரர் வீட்டில் மின்விளக்கு வந்துவிட்டதே! அந்த மனுஷர் எங்களோடு ஒரு மாசம் பேசவில்லை.

தப்பு இதற்கப்புறம்தான் நடந்தது. புது உடையிலும் டெஸ்மண்ட் எதையாவது எடுத்தாக வேண்டுமே. பழக்க தோஷத்தில் ஆர்லிஸ் நதீனின் உடைக்கு ஒரு பலிகடா வரைந்தாள். சிவப்பு நிறத்தில் ஒரு கையகல இடுப்புப் பட்டை, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கொக்கி. அசிங்கம் என்றால் அப்படி ஓர் அசிங்கம். டெஸ்மண்ட் பார்த்தார். தாடையைத் தடவினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"இதுதான்! இந்தப் பட்டைதான் நாடகமே! அவ கல்யாணம், அவ சிறை, எல்லாம் இதுல இருக்கு! நல்லா இறுக்கமா இருக்கணும், ஆர்லிஸ்!"

ஆர்லிஸின் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக நிஜ வருத்தம் பார்த்தேன்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நிறம் விளக்கில் நிற்காது என்றாள், காலத்துக்குப் பொருந்தாது என்றாள். சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிவாதம் ஏறியது. கடைசியில் பட்டையின் பின்பக்கம் நான் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். பார்க்க இறுக்கம், உள்ளே தாராளம். அதில் தப்பித்துவிடலாம் என்று நம்பினோம்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு உடை அணிவகுப்பு. எல்லா நடிகர்களும் வேஷத்தோடு மேடை விளக்கில் வந்து நிற்பார்கள், டைரக்டர் நாற்காலி வரிசையிலிருந்து குறை சொல்வார். நதீன் வந்து நின்றாள். மேலே எல்லாம் அழகு, நடுவில் அந்தச் சனியன்.

"பட்டை லூஸா இருக்கு. இறுக்குங்க" என்றார் டெஸ்மண்ட்.

நான் மேடையில் ஏறி ஒரு துளை இறுக்கினேன்.

"இன்னும்."

இன்னொரு துளை. எலாஸ்டிக் தன்னால் ஆனமட்டும் இழுபட்டு நின்றது. நதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பட்டைக்குக் கீழே துணி உப்பி, வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்தது. நான் பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் பெர்னி! என்ன பயம்? அவ இடுப்பு தெரியணும். ஏன், என்ன ஆச்சு அவளுக்கு?" என்று அவர் எழுந்து மேடைப் பக்கம் வர ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஆர்லிஸ் வந்தாள். என் இடுப்புப் பையிலிருந்து என்னுடைய பெரிய கத்தரியை உருவினாள். துணி வெட்டுகிறவள் கத்தரியை இன்னொருத்தி தொடுவது எங்கள் தொழிலில் கன்னத்தில் அறைவதற்குச் சமம், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கொக்கியின் ரெண்டு ஓரத்திலும் பட்டையை வெட்டினாள். கொக்கி மேடையில் விழுந்து கடகடவென்று உருண்டது.

"ஆர்லிஸ்! என்ன பண்றீங்க?"

"அசிங்கமா இருக்கு டெஸ்மண்ட். அசிங்கமா இருக்கணும்னுதான் வரைஞ்சேன்."

"புரியல."

"நீங்க ஒண்ணை எடுக்கணும்னு நினைப்பீங்க. எடுக்கறதுக்காகவே ஒண்ணு வச்சுடுவேன். இந்தத் தடவை இது. நீங்க எடுக்கல."

பதினாலு நடிகர்கள், விளக்குப் போடுகிறவர்கள், செட்காரர், எல்லாரும் நின்றுவிட்டார்கள். டெஸ்மண்டுக்கு மெதுவாக விளங்கிற்று.

"அப்ப... அந்தக் கிளி?"

"அதுவும்தான்."

"பாதிரியாரோட மஞ்சள் பூட்ஸ்?"

"ஆமா."

"அந்த ஒட்டு மீசை?"

"அது நிஜமாவே நல்லா இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க."

பின்வரிசையில் யாரோ பாவி சிரித்துவிட்டான். டெஸ்மண்டின் முகம் காது வரை சிவந்தது. நதீனை அவர் அதற்குப் பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? தனக்காக வைத்த தூண்டில் என்று ஊரறியச் சொன்ன பிறகு எந்த மனுஷன் அந்தப் பட்டையைத் திரும்பக் கேட்பான்? கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

நாடகம் நடந்தது. திங்கட்கிழமை விடுமுறைதோறும் நான் நதீனின் உடையைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விட்டேன், உள்ளே அதற்கென்றே நிறையத் துணி விட்டிருந்தேன். மார்ச்சில் கடைசி ஆட்டம் முடிந்து, ஒப்பந்தம் முடிந்து, காப்பீடும் கிடைத்தது. ஜூனில் பெண் குழந்தை.

மே மாசம் அடுத்த சீசனுக்கு ஆர்லிஸ் படங்கள் கொண்டுபோனாள். அதில் ஒரு கிழவருக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு வரைந்திருந்தாள். நான் பார்த்ததிலேயே அவள் வரைந்த மிக நல்ல படம் அது. ரெண்டு மாசம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதுல எது எனக்கு வச்சது?"

"எதுவும் இல்ல."

"நான் இப்ப கத்துக்கிட்டேன் ஆர்லிஸ்" என்று அந்தக் கோட்டின்மேல் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார்.

ஜூலையில் நதீன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு வந்தாள், கூடவே ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக் ஒரு தட்டு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நல்லா இரு தாயே. உன்னால இவளை அந்த ஆள் என்ன பாடு படுத்தறார் தெரியுமா? எதை வரைஞ்சாலும் வெட்டறார், நல்லதாப் பார்த்து வெட்டறார்" என்று கொட்டிவிட்டேன்.

"பெர்னி, வாயை மூடுடி" என்றாள் ஆர்லிஸ்.

நதீன் வெளுத்துப்போனாள். "என்னைப் பத்திச் சொல்லியிருக்கலாமே ஆர்லிஸ். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நான் வேற ஏதாவது பார்த்திருப்பேன்."

"அது உன்னோட சங்கதிம்மா. அதை எடுத்துச் சொல்ல நான் யாரு? என்கிட்ட என்னோடது ஒண்ணு இருந்துச்சு. அதைச் சொல்லிட்டேன்." இவ்வளவுதான் பேசினாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கேக்கை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். நான் துணி அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவள் எங்களோடு வேலை செய்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவளுடைய ஒரு படம்கூட வரைந்தபடியே மேடை ஏறவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.