மாமன் மடியும் ஹைட்ரோ மெஷினும்

விளாங்குடிச் சாயப்பட்டறையில் எலக்ட்ரீசியன் காசிமாயனைத் தவிர வேறு யாரும் காலையில் ஹைட்ரோவை ஓட்டிவிட முடியாது. ஹைட்ரோ என்றால் சாயம் போட்ட ஈரத்துணியைச் சுழற்றிப் பிழிகிற பெரிய இரும்புக் கூடை. அடுத்தவன் சுவிட்சில் கை வைத்தால் காசிமாயனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டறையை மேற்பார்வை பார்க்கிற எனக்கே அனுமதி இல்லை. எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான்.

அன்றைக்கு அழகர்கோவிலில் அவன் தங்கை பாண்டிமீனாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அப்படியும் பட்டுவேட்டியோடு பட்டறைக்கு வந்து நின்றான்.

"போட்டு விட்டுட்டு இந்தா போறேண்ணே."

ஹைட்ரோ உறுமியது. வேகம் எடுக்குமுன் நின்றது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவ் பெட்டி ஓவர்லோடு என்று காட்டியது. துணியைப் பாதியாக்கினான், நின்றது. கூடையையே காலி செய்தான், அப்போதும் நின்றது. பிழியாத சுங்குடிச் சேலைகள் குவியலாகக் கிடந்தன. தாமதித்தால் சிவப்பு மஞ்சளில் இறங்கி அத்தனையும் பாழ்.

பாண்டிமீனா போன் செய்தாள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"எங்கண்ணே இருக்க? ஆசாரி ஊசியோட நிக்கிறாரு. நீ வரலைன்னா கருத்தக்கண்ணன் அண்ணே மடியில வச்சிருவேன்!"

கருத்தக்கண்ணன் இவர்களுடைய பெரியப்பா மகன். எந்த விசேஷத்திலும் போட்டோவுக்கு நடுவில் நிற்கிற ஆள். காசிமாயன் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

"டிரைவுல ஓவர்லோடு லிமிட்டக் கூட்டி விட்டுட்டுக் கெளம்புப்பா" என்றேன்.

"காச்சல் அடிச்சா தெர்மாமீட்டரத் திருத்துவீங்களாண்ணே?" என்று சீறினான்.

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டினான். சத்தமே இல்லாமல் ஓடியது. அப்படியானால் மோட்டாரிலும் டிரைவிலும் குறையில்லை, கூடைப் பக்கம்தான் எதுவோ பிடிக்கிறது. கூடையைக் கையால் தள்ளிப் பார்த்தான். மசியவில்லை. குனிந்து பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பிரேக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தேங்காய், வெல்லம், பெரிய வாழைப்பழச் சீப்பு, மருமகளுக்குப் பட்டுப்பாவாடை. தரையெல்லாம் சாயத் தண்ணீர். மாமன் சீரைக் கீழே வைக்க மனசு வராமல் வந்ததும் அவனே மாட்டியது. அந்தக் கனத்தில் பிரேக் பாதி பிடித்தபடியே இருந்திருக்கிறது. நான் சிரித்தே விட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டிவிட்டு, துணி போடுகிற அன்னக்கொடியிடம், "நீயே ஓட்டு தாயி" என்றான். பட்டறையே வாயைப் பிளந்தது. அவனை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

அழகர்கோவிலில் கருத்தக்கண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காதில் கம்மல் ஏறியிருந்தது. காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பையை நீட்டக்கூடத் தோன்றாமல் நின்றான்.

பாண்டிமீனா மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டாக, நான் கைய எடுக்கலண்ணே. இந்தக் காது ஒன் மடியிலதான். உக்காரு."