போனுக்குப் பார்த்த பொருத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக் கல் காய்ந்துகொண்டிருந்தது. எருமப்பட்டியிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். தங்கை என்னை அவன் 'சாமி' என்றுதான் அழைப்பான்.

"சாமி, நீ வாங்கிக் குடுத்த போனு நம்ம தரணி கலியாணத்தையே நிறுத்திப்போடும்போல இருக்குது."

அடுப்பை அணைத்துவிட்டேன்.

போன் எப்படிக் கல்யாணத்தை நிறுத்தும்? அதுவும் நான் தேர்ந்தெடுத்த போன்? பத்து நாள் உட்கார்ந்து, எக்செல் ஷீட் போட்டு, பதினான்கு காலமாகக் கட்டம் பிரித்து...

இருங்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பிளக் வைத்த எந்தச் சாமானையும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், எல்லாவற்றுக்கும் நான்தான் பொருத்தம் பார்ப்பேன். நான் லேப்டாப்பைத் திறந்தாலே, "யாரு ஜாதகம் வந்திருக்கு?" என்பார் என் வீட்டுக்காரர்.

"என்னைக் கட்டிக்கும்போது இவ்வளவு பார்த்த மாதிரி தெரியலையே?"

"அப்ப எனக்கு எக்செல் தெரியாதுங்க."

அண்ணனுக்கு எருமப்பட்டிப் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை. பங்குனி மாதம் அவனுடைய பழைய போன், கோழிக்கு மருந்து கலக்கும் டிரம்முக்குள் விழுந்து உயிரை விட்டது. உடனே எனக்குத் தகவல் வந்தது. என்னென்ன வேண்டும் என்று கேட்டேன்.

"கீழ உழுந்தா ஒடையக் கூடாது. தீவனத் தூசி உள்ள போகக் கூடாது. ஒரு நாள் பூராச் சார்ஜு நிக்கோணும். அவ்வளவுதான் சாமி."

அவ்வளவுதான் என்றால் நான் விடுவேனா? ஐபோனா, ஆண்ட்ராய்டா? அங்கேயே நாலு நாள் போயிற்று. அண்ணன் மகள் தரணியின் ஓட்டு ஐபோனுக்கு. "கெத்தா இருக்கும் அத்தை" என்றாள். கெத்துக்கு ஒரு காலம் போட்டு மார்க்கும் போட்டேன். ஆனால் அண்ணன் இத்தனை வருஷமாக ஆண்ட்ராய்டில் பழகியவன். முட்டை விலை சொல்லும் குரூப்பே எட்டு வைத்திருக்கிறான். அதையெல்லாம் இங்கிருந்து அங்கே குடிமாற்ற வேண்டும். முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போக எங்கே தட்டுவது என்பதிலிருந்து எல்லாம் புதிதாகப் பழக வேண்டும். சரி, ஆண்ட்ராய்டு.

அதிலும் ஒன்றா இரண்டா? ஒவ்வொரு கம்பெனியும் ஆண்ட்ராய்டின் மேல் தன் கைச்சரக்கைப் பூசித்தான் விற்கிறது. ஒன்றில் திரையைத் தொட்டால் விளம்பரம் குதிக்கிறது. ஒன்றில் நாம் கேட்காத ஆப் இருபது. ஒன்று இரண்டே வருஷத்தில் அப்டேட்டைக் கைகழுவி விடுகிறது. கேமரா, திரை, பேட்டரி, தூசி, தண்ணீர், அப்டேட்... சேலம் அஞ்சு ரோட்டுக் கடையில் நான் கேட்ட கேள்விகளில் அந்த விற்பனைப் பெண் மிரண்டுபோனாள்.

"மேடம், நீங்க எந்தக் கம்பெனியிலிருந்து செக்கிங் வந்திருக்கீங்க?"

கடைசியில் ஒரு போன் ஜெயித்தது. விளம்பரம் இல்லை, கூடுதல் பூச்சு இல்லை, ஏழு வருஷம் அப்டேட். பதினான்குக்குப் பதின்மூன்று பொருத்தம். வாங்கி, பழைய சிம்மிலிருந்த நம்பர்களை ஏற்றி, கையில் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம் கண்டது.

தரணிக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையனின் அப்பா ரிக் வண்டி வைத்திருக்கிறார், ஊர் ஊராகப் போய் போர் போடும் தொழில். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், உப்புச் சக்கரை மாற்ற நாள் குறிப்பதுதான் பாக்கி. அதை மாற்றிவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டிலிருந்து பத்து நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. அண்ணி தாங்க முடியாமல் பையனின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அந்தம்மா சொன்ன பதில்:

"நாங்க பேசறதையெல்லாம் புடிச்சு வெக்கறீங்களாமாங்க? வெச்சுக்கிட்டு எங்கீங்க கொண்டுபோய்க் காட்டப் போறீங்க?"

அண்ணன் இதைச் சொல்லிவிட்டு என்னையே கேட்டான். "நான் பதிவு பண்றது அவங்களுக்கு எப்படி சாமி தெரிஞ்சுது?"

"நீ பதிவு பண்றயா?"

"பண்ணாம? பழைய போன்லயும் அப்படித்தான். இதுல அந்த வசதி எங்க இருக்குதுன்னு தேடித் தேடிப் போன மாசந்தான் புடிச்சேன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பதினான்கு காலத்தில் அது இல்லை.

எங்கள் அயோத்தியாப்பட்டணம் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். போனதும் நேராகப் பண்ணைக்கு. அண்ணனைக் கோழிக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டு, நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவன் நம்பருக்குப் போட்டேன். எடுத்தான். நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் கணீரென்று ஆங்கிலத்தில் அறிவித்தது, இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று.

எங்கள் இருவரிடமும்தான் சொன்னது. ஆனால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நடுவில் நிற்பவனுக்கு அது எங்கே கேட்கும்? என்னோடு எப்போதும் வாட்ஸ்அப்பில்தான் பேசுவான், அதில் அந்தக் குரல் வராது. முட்டை வியாபாரி, தீவனக் கடைக்காரர், சம்பந்தி என ஊரே ஒரு மாதமாகக் கேட்டிருக்கிறது. அண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

"எதுக்கண்ணா பதிவு பண்றே?"

"உள்ள நின்னாப் பேசறது காதுல உழுந்தாத்தான? யாரு என்ன சொன்னாலும் சரிங்க சரிங்கன்னு சொல்லிப்போடுவேன். சாயங்காலம் காப்பி குடிக்கறப்ப நானும் உங்க அண்ணியும் போட்டுக் கேப்போம். எந்தத் தேதிக்கு லோடு, எத்தனை மூட்டைன்னு அவ காலண்டர்ல எழுதிக்குவா."

இவ்வளவுதான் விஷயம். அந்தக் குரல் முடிந்த பிறகுதான் பதிவு தொடங்கும், அதனால் சாயங்காலம் போட்டுக் கேட்கும்போதும் அது இவர்கள் காதில் விழுந்ததில்லை. சரிங்க என்பது எங்கள் ஊரில் ஒப்புதல் இல்லை, மரியாதை. கேட்டாலும் சரிங்க, கேட்காவிட்டாலும் சரிங்க. மனுஷன் மரியாதை தவறாமல் இருப்பதற்காகப் பதிவு செய்திருக்கிறான். நான் தூசிக்கும் தண்ணீருக்கும் மார்க் போட்டேனே தவிர, இந்த மனுஷன் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவமானமாக இருந்தது.

வீட்டுக்குள் தரணி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "அவரை எனக்குப் புடிச்சிருக்குதுங்க அத்தை" என்றாள், சுற்றி வளைக்காமல். "எங்கப்பா மேல தப்பில்லைன்னு நீங்களே வந்து சொல்லிருங்க."

ஏழு வருஷம் அப்டேட் வந்து என்ன, வராமல் என்ன?

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அண்ணன், அண்ணி, நாங்கள் இருவர் எனத் திருச்செங்கோட்டுக்குப் போனோம். வாங்க வாங்க என்றார்கள். உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் வந்தது. காப்பி வரவில்லை. நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். போனைத் தேர்ந்தெடுத்தது நான், அண்ணன் பதிவு செய்வது கோழிச் சத்தத்தினால், உங்களை நம்பாமல் இல்லை என்று. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பையனின் அம்மாவுக்கு முகம் இறங்கவில்லை.

"நாங்க வாயில சொன்னாச் சொன்னதுதானுங்க. அதைப் புடிச்சு வெச்சு, நீ இப்படிச் சொன்னே அப்படிச் சொன்னேன்னு கேக்கற பழக்கமெல்லாம் எங்க ஊட்டுல கெடையாதுங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இதுவரை வாயே திறக்காத பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அதை உடுங்க. நான் பேசாம இருந்தது அதுக்கில்லீங்க. உப்புச் சக்கரை வைகாசியில வெச்சுக்கலாமா, ஆவணியில வெச்சுக்கலாமான்னு கேட்டேன். சம்பந்தி 'சரிங்க'ன்னாருங்க. எதுக்குச் சரின்னு தெரியலை. அவரே சொல்லுவாருன்னு பத்து நாளாப் பாத்துக்கிட்டு இருக்கறேன்."

அண்ணன் நிமிர்ந்தான். பாவம், அன்றைக்குச் சாயங்காலம் லோடு ஏற்றும் அவசரத்தில் அந்த ஒரு பதிவை மட்டும் போட்டுக் கேட்க மறந்திருக்கிறான். "அப்படியாங்க கேட்டீங்க? கோழிச் சத்தத்துல..."

"நல்லாக் கேட்டனுங்க. நீங்க ரெண்டு தடவை சரிங்கன்னீங்க. வேணும்னா நீங்களே கேளுங்களேன்" என்று சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். நாலு தட்டு தட்டினார். முதலில் அந்த ஆங்கிலக்காரி பேசினாள். பின்னாலேயே எங்கள் கோழிகள் அத்தனையும் கத்தின. 'வைகாசிங்களா, ஆவணிங்களா?' 'சரிங்க... சரிங்க...'

அவர் மெதுவாகப் போனிலிருந்து கண்ணை எடுத்து, தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிக்கு ஓடறப்ப ஒண்ணும் கேக்காது கண்ணு..." என்று இழுத்தார். "எம்போன்ல சத்தம் வராம அதுவே பதிவாயிரும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னால போட்டுக் கேப்பேன்."

முதலில் சிரித்தது அண்ணன். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தான். பிறகு அண்ணி, பிறகு பையனின் அப்பா, கடைசியில் அந்தம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காப்பி வந்தது. கூடவே முறுக்கும் வந்தது. ஆவணி என்று முடிவாயிற்று. அண்ணன் அங்கேயே தரணியை அழைத்துச் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து "தேங்க்ஸ்பா" என்று ஒரு சின்னக் குரல். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேண்டுமானால் சத்தம் போடாத போனாகப் பார்த்து மாற்றித் தருகிறேன் என்றேன் அண்ணனிடம். வேண்டாம் என்றுவிட்டான். "சொல்லிப்போட்டே பண்ணட்டும் சாமி. அது இங்கிலீசுல சொல்லுது, இனி நானும் தமிழ்ல ஒருக்காச் சொல்லிக்கறேன்." நானும் ஷீட்டில் பதினைந்தாவது காலம் ஒன்று சேர்த்துவிட்டேன்: 'வாங்குகிறவர் நாள் முழுக்க எங்கே நிற்கிறார்?'

ஆனால் முக்கியமான ஆர்டர் வந்தது அதற்கும் முன்னால், நாங்கள் காரில் ஏறும்போது. பையனின் அம்மா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், திரும்பி ஒருமுறை தன் கணவரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க, பதிவு பண்றப்பச் சத்தம் போட்டுச் சொல்லுமே, அந்தப் போனு என்ன வெலைங்க? எங்க ஊட்டுக்காரருக்கு அவசரமா ஒண்ணு வாங்கோணும்."