ஒன்பதாம் யூனிட்

இதைச் சொன்னால் "நல்லா ஜோடிச்சிருக்கே" என்று என் முதுகில் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைத் தரதரவென்று இழுத்துப்போய் வில்மரின் எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஜென்சான் என்கிற இந்தத் துறைமுக ஊரில் நான் குடியேறி வெகுகாலம் ஆகிறது. வில்மர் என் பக்கத்து வீட்டுக்காரன். பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் ரகம். அவன் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை. இது நடந்தது பட்டப்பகலில்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு குளிர்கிடங்கு. படகிலிருந்து இறங்கும் சூரை மீன்களை மைனஸ் இருபத்தைந்தில் உறைய வைக்கிற இடம். உள்ளே எட்டு கூலிங் யூனிட்டுகள். எட்டையும் ஒரே கேபிளில் கோத்து, வெளியே ஒரு கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது வில்மரின் வேலை. கூடமாட உதவிக்கு அவன் தங்கை ஜோவியின் புருஷன் ரெனான்டே.

அந்த யூனிட்டுகளுக்கெல்லாம் செட்டிங் போட்டவர் டாடிங் என்கிற பெரியவர். அவர் கைபட்ட இரண்டாம் யூனிட் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. அதனால் எந்த யூனிட்டில் புது போர்டு மாட்டினாலும், இரண்டின் செட்டிங்கை அப்படியே நகலெடுத்து அதற்குள் தள்ளிவிடுவார்கள். அந்த டாடிங் இறந்துபோனார். சனிக்கிழமை ராத்திரி முழுக்க மச்சானும் மாப்பிள்ளையும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டாடி, காப்பி குடித்து, விழித்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் ரெனான்டேயின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரக்கூடாது, வழியில் எங்கேயாவது நுழைந்து தீட்டை உதறிவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஜோவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவாராம். புருஷன் காதில் இதெல்லாம் ஏறாது என்பதால் அண்ணனைத் தனியாக அழைத்து, "நேரத்துக்கு அவரை வீட்டுல கொண்டாந்து சேக்குறது உன் பொறுப்புண்ணே" என்றும் சொல்லியிருந்தாள்.

விடிந்து கிளம்பும்போது மேனேஜர் போன் பண்ணினார். ஆறாம் யூனிட்டின் போர்டு எரிந்துவிட்டதாம்.

"கிடங்குக்கே போயிடுவோம் மச்சான். வேலையும் முடியும், உதறிட்டுப் போன மாதிரியும் ஆச்சு," என்றான் ரெனான்டே.

"டேய், டாடிங் அண்ணன் காலமெல்லாம் வேலை பாத்த எடம்டா அது."

"அப்ப ரொம்ப நல்லது. அவருக்கும் வழி கேக்க வேண்டியதில்லை."

இருவரும் சிரித்தார்கள்.

புது போர்டு மாட்டி முடிக்கும்போது உச்சிவெயில். ஆறாம் யூனிட்டின் காற்றாடியில் கட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட ரெனான்டே உள்ளே போனான். அஞ்சு நிமிஷ வேலை என்று வெறும் டீசர்ட்டோடு போனான். தடித்த ஆரஞ்சு கோட்டு கதவோரம் ஆணியில் தொங்கியது. அவன் போன் வில்மரின் மேசையில் சார்ஜில் கிடந்தது. உள்ளேயிருந்து கூப்பிட ஒரு மணி உண்டு. அது எரிந்துபோன போர்டோடு சேர்ந்து செத்துக் கிடந்தது.

உள்ளே போனவன் வெளியே வரும்வரை செட்டிங்கை ஏற்றக்கூடாது. கதவுக்குக் கொண்டியும் போடக்கூடாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. வில்மர் காத்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ரெனான்டே வெளியே வந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமாக நடந்து போனான். ஆரஞ்சு கோட்டு. தலையை மூடிய தொப்பி. முகம் திரும்பவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்திவிட்டு வாசல் பக்கம் போய்விட்டான். பிள்ளையைப் பார்க்க அவசரம் போலிருக்கிறது என்று வில்மர் நினைத்தான். டீசர்ட்டோடு போனவன் கோட்டோடு வருகிறானே என்று ஒரு கணம் உறுத்தியது. வெளியே வந்து மாட்டிக்கொண்டிருப்பான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உறைகிடங்கிலிருந்து வருகிற எவனுடைய பூட்ஸும் தரையை நனைக்கும். தரை காய்ந்து கிடந்தது.

வில்மர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். கொண்டியைப் போட்டான். திரும்பி வந்து, இரண்டிலிருந்து ஆறுக்கு நகல் என்று கொடுத்தான்.

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ஆறாம் யூனிட் 'கும்ம்ம்' என்று கிளம்பியது. எட்டும் முழு வேகத்தில் ஓடின.

திரையில் இன்னொரு வரி முளைத்தது.

யூனிட் ஒன்பது. 36.6.

அங்கே ஒன்பதாவது யூனிட்டே கிடையாது. புது போர்டு வெளிவெப்பத்தை எங்கிருந்தோ படிக்கிறது என்று நினைத்தான். ஜென்சான் வெயிலுக்கு முப்பத்தாறு சரியாகத்தான் இருந்தது. அழித்தான். மறுபடி வந்தது. இந்த முறை பக்கத்தில் ஒரு வரியும் சேர்ந்து வந்தது.

இரண்டிலிருந்து ஒன்பதுக்கு... நகலாகிறது.

அவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ரத்து என்று அழுத்தினான். கேட்கவில்லை. மீண்டும் அழுத்தினான்... 35.9.

இந்த உச்சிவெயிலில் வெளிவெப்பம் எப்படி இறங்கும்?

எரிச்சலோடு வாசலுக்குப் போய்ப் பார்த்தான். வெயில் கொளுத்தியது. மர நிழலில் ரெனான்டேயின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

வில்மர் ஓடிவந்து தங்கைக்குப் போன் பண்ணினான்.

"ரெனான்டே வந்துட்டானா?"

"வந்துட்டாருண்ணே. பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். உயிர் திரும்பி வந்தது. வாடகை டிரைசைக்கிள் பிடித்துப் போயிருப்பான், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பான். அதற்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. கிடங்குக்கும் வீட்டுக்கும் நல்ல தூரம்.

34.1.

டொக்...

உள்ளிருந்து ஒரு சத்தம். குழாயில் ஐஸ் வெடித்தால் இப்படித்தான் கேட்கும். அவன் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான்.

டொக்... டொக்...

32.7. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. வில்மர் ஒன்பதுக்கு வேறு செட்டிங் கொடுத்துப் பார்த்தான். ஏற்கவில்லை. கேபிளைப் பிடுங்கினான். மற்ற எட்டு வரிகளும் அணைந்தன. ஒன்பது மட்டும் அணையவில்லை.

31.0.

மறுபடி தங்கைக்குப் போன் போட்டான்.

"அவன்கிட்ட குடு."

"போன்ல பேச மாட்டேங்குறாருண்ணே. ரெண்டு போர்வை போத்தியும் குளுருதுங்குறாரு. கோட்டைக் கழட்டவே மாட்டேங்குறாரு."

"மூஞ்சியப் பாத்தியா நீ?"

"என்னண்ணே கேள்வி இது..."

அவன் மெயின் சுவிட்சை இழுத்தான். எட்டு காற்றாடிகளும் ஓய்ந்தன. கிடங்கு நிசப்தமானது.

அப்போதுதான் தெளிவாகக் கேட்டது.

டொக்.

குழாயில் இல்லை.

கதவில்.

ஓடினான். கொண்டி உறைந்துபோய் அசையவில்லை. உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக் கிழிந்தது. கத்தினான். காவலாளி கடப்பாரையோடு ஓடிவந்தான். இருவரும் அடித்தார்கள்... நெம்பினார்கள்... உள்ளே தட்டுவது மெலிந்துகொண்டே வந்தது.

டொக்...

நின்றுவிட்டது.

கதவு திறந்தது.

ரெனான்டே கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். வெறும் டீசர்ட். தட்டுவதற்கு மடக்கிய கை மடக்கியபடியே. புருவமெல்லாம் வெள்ளை.

ஆரஞ்சு கோட்டு கதவோர ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வில்மர் அவனை மடியில் போட்டுத் தேய்த்தான். வாயில் ஊதினான். "மாப்ளே, எந்திரிடா" என்று எவ்வளவோ சொன்னான். கொண்டி போட்டது அவன் கை. ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரெனான்டே வெகுநேரம் உயிருக்குப் போராடியிருக்கிறான் என்று டாக்டர் சொன்னார். மனுஷ உடம்பின் சூடு 36.6 என்றும் சொன்னார். முதல் போனின்போது கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பான். இதை வில்மர் தங்கையிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஜோவியே பேச்செடுத்தாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். புருஷன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது பொய்யில்லை என்றாள். அண்ணன் கதவை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுப்படிக்குப் போய்த் திரும்பினாளாம். பிள்ளை மட்டும் போர்வைக்குள் தனியாகக் கிடந்ததாம்.

"சாகுறதுக்கு முன்னாடி பிள்ளையப் பாக்க வந்திருக்காருண்ணே. அந்த மட்டுக்கும் எனக்குப் போதும்," என்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஆனா ஒண்ணுண்ணே. நீ மொத தடவை போன் பண்றதுக்கு முன்னாடியே அவரு சொல்லிட்டாரு. 'இப்ப வில்மர் கூப்பிடுவான். நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லு. கதவைத் தொறக்க வேணாம்னு சொல்லு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அதான் கதவு விஷயத்தை உன்கிட்ட சொல்லலை... எந்தக் கதவுண்ணே அது?"