ரேடியோ பாடினால்தான் வேலை

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் காலை எட்டரைக்கு இறங்கினேன். மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் போவதாகத்தான் எண்ணம். வாசலில் நின்ற வெள்ளை அம்பாசிடருக்குள் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பார்த்ததும் எண்ணம் காற்றில் போயிற்று. பழைய ரேடியோ என்றால் எனக்கு அப்படியொரு பைத்தியம். ஆயிரத்து இருநூறு ரூபாய் என்றார் ஓட்டுநர் ஏழுமலை. பேரம்கூடப் பேசாமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். சார்ஜரில் இருந்த தன் போனை எடுத்துவிட்டு, மரியாதையாக என்னுடையதைச் செருகினார்.

ரேடியோவின் இரு பக்கமும் குமிழ்கள், நடுவில் முள் நகரும் கண்ணாடி, கீழே ஐந்து பொத்தான்கள். பிடித்த நிலையத்தில் முள்ளை நிறுத்தி, பொத்தானை வெளியே இழுத்து உள்ளே அழுத்திவிட்டால் போதும். அடுத்த முறை தொட்டதும் முள் தானாக அங்கே ஓடி நிற்கும். வால்வு ரேடியோ போலச் சூடாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆசையாகப் போட்டேன். அப்பளம் பொரிப்பது போல ஒரே இரைச்சல்.

"ரெண்டு நாளா இப்டித்தான் பேஜாரு பண்ணுது சார்," என்றார் ஏழுமலை. "மகாபலிபுரத்துல ஒரு ஓட்டல்ல இன்னிக்கு வண்டிய பாக்குறாங்க. பழைய வண்டி, பழைய ரேடியோன்னாதான் கெஸ்ட்டுங்களுக்குப் புடிக்குமாம்; ரேடியோ பாடுனாத்தான் மாச வாடகைக்கு எடுப்பாங்களாம். இல்லாங்காட்டி வண்டிய வித்துட வேண்டிதான்."

ஏரியலைச் சரிசெய்ய ரேடியோவின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதுதான் கோளாறு என்று மேதாவியாகச் சொல்லி, திருக்கழுக்குன்றத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தச் செய்தேன். திருகித் திருகி விரல்தான் வலித்தது. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

எதிரே தெரிந்த கோயில் குளத்தையாவது படமெடுப்போம் என்று போனைப் பிடுங்கினேன். இரைச்சல் சட்டென்று அடங்கியது. மறுபடி செருகினேன், மறுபடி இரைந்தது.

"இந்த சார்ஜர் எப்ப வாங்கினீங்க?"

"முந்தாநேத்து சார். ஓட்டலுக்கு வர்றவங்களுக்கு யூஸாவும்னு..." சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சார்ஜரைப் பிடுங்கிப் போட்டார். ரேடியோவில் ஒருவர் கத்தரிக்காய்ப் புழுவுக்கு வைத்தியம் சொன்னார். இருவரும் டீயை மறந்து கேட்டோம்.

மாமல்லபுரத்தில் ஓட்டல் மேலாளர் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தார். ஏழுமலை பொத்தானை அழுத்த, பழைய பாட்டு ஒன்று தெளிவாக வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போனோம்.

"கெஸ்ட்டுங்க போன் சார்ஜ் பண்ண வசதி இருக்கா?" என்றார் அந்த அம்மா.

இருக்கிறது என்று சொல்லித் தொலையுமய்யா என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

"சார்ஜர் கீது மேடம். ஆனா அத்த போட்டா ரேடியோ கத்தும். ரெண்டுல ஒண்ணுதான்."

அந்த அம்மாவின் கையிலிருந்த போன் அடித்தது. அதை நிறுத்தினார். "பாட்டு முடியட்டும்," என்றார். முடிந்ததும், "திங்கட்கிழமை காலைல வண்டியோட வந்துடுங்க," என்று இறங்கிப் போனார்.

ஏழுமலை வண்டியைக் கிளப்பவில்லை. வீட்டுக்குச் சொல்லத் தன் போனை எடுத்தார். அதில் சுத்தமாகச் சார்ஜ் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

"இன்னாமே, வண்டிய விக்கத் தேவல," என்றார் மனைவியிடம். பிறகு ரேடியோவின் ஒலியைக் கூட்டி, போனை அதன் அருகே பிடித்தார்.