பெல்ட்டை எதனால் துடைத்தேன்

காலை ஒன்பது மணிக்குப் போட்டோக்கொப்பி மெசினின் பக்கக் கதவைத் திறந்து பெல்ட்டைத் தொட்டேன். அது விரலோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஓர் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார்.

இது தொண்ணூற்றிரண்டில், யாழ்ப்பாண நகரத்தில் நடந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெசினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கார அண்ணை காட்டித் தந்தது. தெரியாதது எவ்வளவு என்று தெரியாததால் எந்நேரமும் பயம். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள்.

பெல்ட்டின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் எழுத்தை வாங்கிய தாளை ஹீற்றருக்குக் கொண்டுபோவது அதுதான். கை அகல ரப்பர். அதன் மேல் வரும்போது தாளில் இருப்பது வெறும் தூள். ஹீற்றரில் உருகினால்தான் எழுத்து நிற்கும். பெல்ட் தாளைக் கொஞ்சம் பிடித்து வைத்தாலும் எல்லாம் கலைந்துவிடும். அந்தத் தூள்தான் டோனர். பொருளாதாரத் தடையால் புது டோனர் வராத காலம் அது. கழிவு டோனரைத் துணியில் அரித்துத் திரும்பவும் போடுவோம். அது கட்டிபட்டுப் பெல்ட்டில் கொட்டி, சூட்டில் அப்பிக்கொள்ளும்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்துத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போனது. அப்போது எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான். விளக்கும் அதில்தான், மோட்டார் சைக்கிளும் அதில்தான், கடையின் ஜெனரேற்றரும் அதில்தான். ரப்பருக்கு அது ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. விடிவதற்குள் ரப்பர் ஊறித் தடித்துப் பசையாகிவிட்டது.

வந்த அக்காவின் ஊர் அரியாலை. கணவருக்குச் சிறுநீரக வருத்தம். நோயாளரைக் கொழும்புக்கு ஏற்றும் கப்பல் மறுநாள். வைத்தியக் கோப்பின் பதினான்கு தாளிலும் மும்மூன்று பிரதி எடுத்து, பன்னிரண்டு மணிக்கு முன் அலுவலகத்தில் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். மற்றக் கடை மெசின் டோனர் இல்லாமல் நின்றுவிட்டது. அங்கே போய்விட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

அண்ணை ஜெனரேற்றரை இயக்கினார். நான் மெசினின் பக்கக் கதவைச் சாத்தினேன். ஒருவேளை ஓடிவிடும் என்று நினைத்தேன். முதல் தாள் பெல்ட்டில் ஒட்டிச் சுருண்டு, எழுத்தெல்லாம் கரியாக இழுபட்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே.

"என்னத்தாலை துடைச்சனீ?" என்று அண்ணை கேட்டார்.

"ஈரத்துணியாலை, அண்ணை."

கடை முழுக்க ஜெனரேற்றரின் மண்ணெண்ணெய் மணம். பெல்ட்டின் மணம் அதற்குள் ஒளிந்துகொண்டது. அண்ணை என்னை நம்பினார். ஈரத்துணி என்றால் ரப்பருக்குப் பழுதில்லை, தளர்ந்துதான் போயிருக்கவேண்டும் என்று பெல்ட் ஓடும் உருளையைத் தள்ளி இறுக்கினார். மூன்றாவது தாளும் சுருண்டது. இன்னும் இறுக்கினார். பெல்ட் கீச்சிட்டது. அதன் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுவதை நான் கண்டேன், அவர் காணவில்லை. அறுந்தால் மாற்றுப் பெல்ட் கிடையாது. மணி பத்தேகால்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா சொன்னார். "தம்பி, என்ரை மனிசனைவிட உம்மடை மெசின் பெரிய வருத்தக்காரன் போலை கிடக்கு. இதையும் கப்பலிலை ஏத்துவமோ?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணை மறுபடி இறுக்கக் குனிந்தார்.

"மண்ணெண்ணெயாலை துடைச்சனான், அண்ணை."

ஸ்குரூட்றைவர் அப்படியே நின்றது. "ஒன்பது மணிக்குச் சொல்லியிருந்தால் அவ இப்ப போயிருப்பா" என்றார். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெல்ட்டைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட்டோம். எண்ணெய் போனது. பசை முழுதும் போகவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதும்தான் என் மண்டை வேலை செய்தது. பக்கத்துத் தையல் கடையில் நாங்கள் கரம்போர்ட் ஆடுவோம். மழைக்காலத்தில் பலகை காயைப் பிடிக்கும். பவுடர் தூவினால் வழுக்கும். அதைச் சொன்னேன்.

"டிரம்மிலை பட்டால் டிரம் கீறும். டிரம் போனால் கடை போச்சு. தெரியுமே?" என்றார் அண்ணை.

தெரியும் என்றேன். அதற்குள் அக்கா எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து தையல் கடைப் பவுடர் டப்பாவை மேசையில் வைத்தார். "ஆட்டம் முடியட்டும் எண்டினம். நான் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

ஒரு சிட்டிகை எடுத்துப் பருத்தித் துணியால் ரப்பரில் தேய்த்தேன். தட்டினேன், துடைத்தேன், இன்னொரு தரம் துடைத்தேன். கறுப்புத் துணியால் தடவி வெள்ளை வரவில்லை என்று கண்ட பிறகுதான் மாட்டினேன். உருளையைப் பழைய அடையாளத்துக்கே தளர்த்தினோம். பழுதான தாள்களை ஐந்து தரம் வெறுமனே ஓட்டினோம். பிறகு கோப்பின் முதல் தாள். சுருளாமல் வெளியே வந்தது. நாற்பத்திரண்டு முறையும் நான் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசித் தாள் பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தது. தாள்களின் பின்பக்கம் சாம்பல் கறை. "எழுத்துத் தெரிஞ்சால் காணும்" என்று அக்கா சைக்கிளில் ஏறினார்.

சில கிழமை கழித்து ஒரு கடிதத்தைப் பிரதி எடுக்க வந்தார். "மெசினுக்கு எப்பிடி வருத்தம்?"

"பவுடரோடை ஓடுது, அக்கா. அவருக்கு?"

"கொழும்பிலை. அவருக்கும் மருந்தோடை ஓடுது."

பிறகு நானே மெசின் திருத்துகிறவனானேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பெல்ட் ஒட்டுகிறது என்று யாராவது கூப்பிட்டால், எதனால் துடைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்டுவிட்டு ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்துவிடுவேன். பதில் உடனே வராது. வருமட்டும் எதையும் இறுக்கமாட்டேன்.